பின் அச்சு மட்டும்

உங்கள் மின்விசிறியில் பேரிங் போய்விட்டது. நாள் முழுக்க அதற்குக் கீழேயே உட்கார்ந்திருப்பதால் உங்கள் காதுக்குப் பழகியிருக்கும். எனக்கு அப்படியில்லை, எங்கே எது சுற்றினாலும் முதலில் அதன் குறைதான் கேட்கும். ஒரு ஏணி கொடுத்தால் நானே கழற்றிப் பார்த்துவிடுவேன். இப்போதைக்கு என்னை ஏணியில் ஏற விடமாட்டீர்கள் என்று தெரியும், பரவாயில்லை.

நான் வந்தது வேறு விஷயமாக. கல்குவாரியில் கேப்டன் இறந்ததை விபத்து என்று எழுதி மூடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது விபத்து இல்லை. நான் செய்தது. நிதானமாகவே சொல்கிறேன், நடுவே வண்டி சமாசாரம் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், அது தெரியாமல் இது விளங்காது.

நான் அச்சு வேலைக்காரன். எஞ்சினுக்கோ பிரேக்குக்கோ யாரும் என்னைத் தேடி வரமாட்டார்கள். சக்கரங்களைச் சுற்றவைக்கும் அச்சின் நடுவில் ஒரு இரும்புக் குடம் இருக்கும். அதற்குள் பினியன் என்று ஒரு சின்னப் பல்சக்கரமும், கிரவுன் என்று ஒரு பெரிய பல்சக்கரமும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிடக்கும். அந்தக் கடியைச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு. அதனால் எனக்குப் பல்லு டாக்டர் என்று பட்டம். ஒருமுறை கன்னம் வீங்கிய ஒரு பெண்மணி, யாரோ சொன்னார்கள் என்று பட்டறைக்கே வந்துவிட்டார். என் தம்பி அவரை மரியாதையாக உட்காரவைத்து, இருப்பதிலேயே பெரிய ஸ்பானரை எடுத்துக் காட்டி, "எங்ககிட்ட இதுதாம்மா இருக்கு, பரவால்லையா?" என்றான். அந்த வலியிலும் அவர் சிரித்துவிட்டார். தம்பி அப்படித்தான், யாரையும் சிரிக்கவைக்காமல் அனுப்பமாட்டான்.

கேப்டன் எந்தக் கப்பலிலும் எந்தப் படையிலும் இருந்தவரல்ல. மரக்கடை வைத்திருந்தார். விடுமுறை நாட்களில் பாறை, சேறு, ஓடை என்று வண்டியை ஏற்றி இறக்கும் ஒரு கூட்டத்துக்கு அவர் தலைவர், அவ்வளவுதான். தொண்டை பெரியது, மனசும் பெரியது என்று எல்லோரும் சொல்வார்கள். தம்பிக்கு அவர் என்றால் உயிர். வாரம் முழுக்க என்னோடு எண்ணெயில் புரண்டவன், லீவு வந்தால் குளித்துத் தலைசீவிக்கொண்டு கேப்டன் வண்டிக்கு முன்னால் போய் நிற்பான். வீட்டில் சாப்பிடும்போதும் கேப்டன் அப்படிச் சொன்னார், கேப்டன் இப்படிச் செய்தார் என்பதுதான் பேச்சு. அம்மாகூட ஒருநாள், "உனக்கு அண்ணன் இவனா, அவரா?" என்று கேட்டாள். அவன் சிரித்தான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

வண்டிக்கு முன்னால் நிற்பது என்று சொன்னேனே, அது ஒரு வேலை. பாறைமேல் ஏறும்போது ஓட்டுகிறவருக்குத் தன் சக்கரமே கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் எதிரில் பின்னோக்கி நடந்துகொண்டே இடம், வலம், மெதுவா என்று கைகாட்டுவார். முஷ்டியை உயர்த்தினால் நிறுத்த வேண்டும். ஓட்டுகிறவர் அவர் கையை நம்புகிறார், அவர் ஓட்டுகிறவரின் காலை நம்புகிறார். இதில் யார் பெரிய நம்பிக்கைக்காரர் என்று நீங்களே சொல்லுங்கள்.

கேப்டன் தன் வண்டிக்குப் பெரிய டயர் போட்டார். பார்க்க யானைக்குட்டி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் டயர் பெரிதானால் அச்சில் இருக்கும் பல்லையும் மாற்ற வேண்டும். பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், அதே எஞ்சின் அதிகம் இழுக்க வேண்டும். படிக்கட்டை ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தவனை இரண்டிரண்டாகத் தாண்டச் சொல்வது போல. சமதரையில் தெரியாது. பாறையில் ஆமை மாதிரி ஊர்ந்து போக வேண்டிய இடத்தில் வண்டி ஊராது, மூச்சு முட்டி நிற்கும். நின்றால் ஓட்டுகிறவர் மிதிப்பார். மிதித்தால் ஒரே தாவாகத் தாவும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கேப்டன் பல்லை மாற்றாமலேயே கிளம்பிப் போனார்.

அப்புறம் நடந்தது உங்கள் நிலையத்துக்கே தெரியும். ஓடைப் பாறையில் வண்டி நின்றது. தம்பி முஷ்டியை உயர்த்தினான். கேப்டன் மிதித்தார். கூட்டத்தில் இருந்த ஒருவன் எனக்குப் போன் செய்து அழுதுகொண்டே, "வண்டி குதிச்சிடுச்சுண்ணே" என்றான். நான் அப்போது மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்துத் துடைத்துக்கொண்டுதான் புறப்பட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, ஈரக் கையோடு போகக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

கேப்டன் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா காலில் விழுந்தார். அவ்வளவு பெரிய உடம்பு தரையில் கிடந்து குலுங்கியது. அம்மா குனிந்து அவர் தலையைத் தடவி, "எந்திரிப்பா, நீ வேணும்னேவா செஞ்ச?" என்றாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பெற்றவளுக்கு இல்லாத கோபம் உனக்கு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அதை அணையாமல் பார்த்துக்கொண்டேன். உங்களிடமும் கேப்டன், "என் கால்தான் தப்பு பண்ணுச்சு" என்று சொன்னாராம். நல்ல மனிதர் என்று நீங்களும் அனுப்பிவிட்டீர்கள்.

கொஞ்ச காலம் வண்டியை அவர் தொடவே இல்லை. பிறகு ஒரு காலையில் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அவருடைய மகளும் கூட வந்திருந்தாள். வளர்ந்த பெண், கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். சின்ன வயதிலிருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். தம்பிதான் அவளுக்குப் பாறையில் கைகாட்டக் கற்றுக்கொடுத்தான்.

கேப்டன் ஸ்டூலில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை சின்னதாகிவிட்டிருந்தது.

"டாக்டரே, ரெண்டு அச்சுலயும் பல்லு மாத்திக் குடுங்க. அன்னிக்கே செஞ்சிருக்கணும். இன்னொரு வீட்டுல இப்படி ஆகக் கூடாது."

"செஞ்சிடலாம்."

"கூட்டத்துல ஒரு புது ரூல் போட்டிருக்கேன். இனிமே வண்டிக்கு முன்னாடி நிக்கிறவங்க, ஓட்டுறவனோட சொந்த ரத்தமா இருக்கணும். அப்பத்தான் கால் பயந்து மிதிக்கும். என் வண்டிக்கு இவதான் நிக்கப்போறா."

என்னைத் தேற்றுவதாக நினைத்துத்தான் அதைச் சொன்னார். சொந்த ரத்தம் என்றால் பயப்படும் கால், என் தம்பி நின்றபோது பயப்படவில்லை என்றுதான் என் காதில் விழுந்தது. அந்த நிமிடம்வரை என்னிடம் கோபம்தான் இருந்தது, யோசனை எதுவும் இல்லை. யோசனையை அவரே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அந்தப் பெண் சுவரில் தொங்கிய தம்பியின் வேலைச் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

நான் என்ன செய்தேன் என்பது சுருக்கமானது. பின் அச்சில் பல்லை மாற்றினேன், முன் அச்சில் மாற்றவில்லை.

இதன் அர்த்தம் உங்களுக்குப் புரிய வேண்டும். ரோட்டில் அந்த வண்டியைப் பின் சக்கரங்கள் மட்டும்தான் தள்ளும், முன் சக்கரங்கள் சும்மா உருளும். அப்போது எந்தக் குறையும் தெரியாது, சொல்லப்போனால் முன்பைவிட நன்றாக இழுக்கும். பாறைக்குப் போய் நான்கு சக்கரத்தையும் சேர்த்துப் போட்டால்தான் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாக ஓட வேண்டும். ஒன்றில் புதுப் பல், ஒன்றில் பழைய பல் என்றால் முன் சக்கரம் வேகமாகப் போகப் பார்க்கும், பின் சக்கரம் விடாது. மண்ணாக இருந்தால் ஏதாவது ஒன்று வழுக்கித் தப்பித்துக்கொள்ளும். பாறையில் வழுக்காது. ஈரப் போர்வையை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து முறுக்குவது போல உள்ளே முறுக்கு ஏறிக்கொண்டே போகும். எங்காவது ஒரு சக்கரம் பிடி விட்டால் மொத்த முறுக்கும் ஒரே நேரத்தில் அவிழும். வண்டி குதிக்கும்.

ஆமாம், அன்று குதித்த மாதிரியே. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கேப்டன் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை, இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். எனக்குப் போனில்தான் கேட்கக் கிடைத்தது, அவருக்கு நேரில் பார்க்கக் கிடைக்கட்டும் என்று. அந்தப் பெண்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அவள் நல்ல பெண். அவள் கேப்டனின் மகள், அது ஒன்றுதான்.

வேலையை அரைகுறையாகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பின் அச்சில் பல்லுக்கு மஞ்சள் மை பூசி, கையால் சுற்றி, பல்லோடு பல் எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்து உட்காரவைத்தேன். பல்லுக்கு நடுவே இடைவெளி மயிரிழை கூடினால் ஊளையிடும், குறைந்தால் சூடேறும். உங்கள் ஆட்களை விட்டுக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு குறை சொல்ல முடியாது. முன் அச்சில் பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றினேன். மூடியைச் சுரண்டிக் கழுவிப் பெயிண்ட் அடித்தேன். பார்க்கிறவனுக்கு இரண்டும் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தன.

கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். மாற்றிவிட்டோம் என்பதற்கு அதுதான் சாட்சி. பின் அச்சிலிருந்து எடுத்த ஜோடியைக் கொடுத்தேன். முன் அச்சுக்கு, குப்பையில் கிடந்த வேறொரு வண்டியின் ஜோடியைக் கழுவிக் கொடுத்தேன். கேப்டன் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. மகள் அதை வாங்கி, கனமாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். முன் அச்சுக்கு வந்த புது ஜோடி இதோ, உங்கள் மேசைமேல் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியிருக்கிறதே, இதுதான். பிரிக்கவே இல்லை.

ஒரு சிக்கல் இருந்தது. நான்கு சக்கரத்தையும் போட்டவுடனே வண்டி இறுகும், கேப்டன் பழுத்த டிரைவர், கண்டுபிடித்துவிடுவார். புதுப் பல்லை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும், சூடேற விடக் கூடாது என்பது உண்மையான விதி. அந்த உண்மைக்குள்ளே ஒரு பொய்யைச் சொருகினேன்.

"புதுப் பல்லு கேப்டன். ரோட்டுல நாலு வீலும் போடாதீங்க. பாறைக்குப் போனப்புறம் போடுங்க. ஆரம்பத்துல இறுக்கமா இருக்கும், முனகும். பயந்துடாதீங்க, கொஞ்சம் மிதிச்சா விட்டுடும்."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்க கையால செஞ்சது, எனக்கென்ன பயம்" என்றார். அவர் உள்ளங்கை வேர்த்திருந்தது. நான் கையை உருவிக்கொள்ளவில்லை.

முதல் ஓட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார். பழைய கல்குவாரி, வெயில் ஏறாத காலைநேரம். கூட்டத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள், என்னைக் கண்டதும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். தம்பிக்காக ஒரு நிமிடம் நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். உள்ளே மிகவும் அமைதியாக இருந்தேன். இவ்வளவு நாளில் அன்றுதான் நன்றாகப் பசித்தது.

கேப்டன் பாறை அடிவரை ஓட்டிவந்து வண்டியை நிறுத்தினார். இறங்கினார். சாவியை மகளிடம் கொடுத்தார்.

"என்னால முடியலம்மா. பாறையைப் பாத்தாலே கால் நடுங்குது. நீ ஓட்டு. நான் முன்னாடி நிக்கிறேன். ரூல் ரூல்தான், ரத்தம் ரத்தம்தான்."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. நான் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை தலைகீழாகிப் போயிற்று. அவர் பார்க்க வேண்டும் என்று வைத்ததை அந்தப் பெண் பார்க்கப் போகிறாள். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வண்டியை இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றால் போதும், யாரும் ஏனென்று கேட்டிருக்கமாட்டார்கள். கேப்டன் பின்னோக்கி நடந்து பாறைமேல் ஏறி, கையை உயர்த்தினார். என் தம்பி நிற்கும் மாதிரியே காலை அகட்டி நின்றார். அவனிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்ததும், சொல்லலாம் என்று நினைத்ததையும் விட்டுவிட்டேன்.

அவள் நன்றாகவே ஓட்டினாள். பதற்றமில்லை. முன் சக்கரங்கள் பாறையில் ஏறின. நான் சொன்னபடியே வண்டி முனகத் தொடங்கியது. கேப்டன் முஷ்டியை உயர்த்தினார். அவள் நிறுத்தினாள். இதை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும், அவள் நிறுத்தினாள். அப்பா காட்டிய கைக்கு அவள் கால் மரியாதை கொடுத்தது.

நான் அவள் ஜன்னலுக்கு எட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"மாமா, ரொம்ப இறுக்கமா இருக்கு. என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் மிதி, விட்டுடும்."

மிதித்தாள். விட்டது.

இதுவரை யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். என்னைக் காப்பாற்ற அல்ல. நான் சொன்னது அவள் நினைவிலேயே இருக்காது, தன் கால் மட்டும்தான் இருக்கும். சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், வலது காலில் செருப்புப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாளாம். அதனால்தான் வந்தேன். அவள் மேல் தப்பில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். எனக்கும் மனசாட்சி உண்டு ஐயா.

சரி, அது முழு உண்மை இல்லை. கேப்டன் ஒன்றும் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். வண்டி தாவும்போதுகூட மகளைப் பார்த்து, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று கையசைத்துக்கொண்டுதான் இருந்தார். இது என் தம்பிக்காக என்று அவருக்குத் தெரியவே இல்லை. பழிவாங்கியது யாருக்கும் தெரியாவிட்டால் அது வெறும் விபத்தாகப் போய்விடுகிறது. அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவருக்குத்தான் சொல்ல முடியவில்லை, அவர் மகளுக்காவது தெரியட்டும்.

நீங்கள் இப்போது சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் உங்களிடம் பேசிவிட்டாளா? தம்பி இறப்பதற்கு முன்பே இந்தப் புதுப் பல் ஜோடிகள் என் பட்டறைக்கு வந்துவிட்டன என்று சொன்னாளா? "அந்த மனுஷன் தம்பியப் பறிகுடுத்தவரு, அதையும் அவர் தலைல ஏத்தக் கூடாது" என்று கேப்டன் வீட்டிலேயே எல்லோர் வாயையும் அடைத்துவைத்தார் என்றும் சொன்னாளா?

வந்திருந்தன, உண்மைதான். டயரை மாட்டியதும் நான்தான். "இப்படியே போலாமா டாக்டரே?" என்று கேட்டார். "தாராளமா போங்க, திரும்பி வந்து மாத்திக்கலாம்" என்றேன். மெக்கானிக் எவனும் சொல்வதுதான். தம்பிகூட வந்து நின்றான். "அண்ணே, முடிச்சுக் குடுத்துடேன். நான்தான முன்னாடி நிக்கப்போறேன்" என்றான். என் பின்னாலேயே சுற்றினான். அன்று எனக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருந்தால் முடித்திருப்பேன். ஆனால் அவன் எனக்காக எதையும் அப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை, கேப்டன் வண்டி என்றதும் கெஞ்சுகிறான். "ஒண்ணும் ஆகாது, போடா" என்றேன். போனான்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மிதித்தது யார் கால்? முஷ்டியைப் பார்த்தபிறகும் மிதித்தது யார்? நான் அந்த இடத்திலேயே இல்லையே. கேப்டன் என் பெயரைச் சொல்லாமல் விட்டது பெருந்தன்மை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னிடம் சண்டைக்கு வந்திருக்க வேண்டும், என் சட்டையைப் பிடித்து, நீ சொல்லித்தானே போனேன் என்று நாலு பேர் முன்னால் கத்தியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் வந்து என் அம்மா காலில் விழுந்தார். அந்த மனிதரை எப்படி மன்னிப்பது?

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். முன் அச்சை மாற்றாமல் விட்டது, குப்பை ஜோடியைக் கொடுத்தது, அந்தப் பெண்ணை மிதிக்கச் சொன்னது, எதையும் மறுக்கமாட்டேன். ஆனால் என் தம்பியைக் கொன்றது கேப்டன் என்று நான் சொன்னதை மட்டும் சொன்னபடியே விட்டுவிடுங்கள். அதை நீங்கள் மாற்றிவிட்டால், அந்த மனிதரை நான் எதற்காகக் கொன்றேன் என்று இனி யாரிடம் போய்க் கேட்பேன்?